அண்ணாவியார் தூங்கிவிட்டால்?

(மட்டக்களப்பு வாசகர் வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டம் முடிந்து வெளியே போகும்போது ஒரு தங்கச்சி கேட்டா: "சேர், 1,800 ரூபாய் குடுத்து வாங்கின நாவல். பாதி தாண்ட ஏலாமக் கிடக்கு. விட்டிரட்டா?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

முதலில் அந்த 1,800 ரூபாயைப் பார்ப்போம். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒகையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச்சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, 15 டாலர். சிலருக்கு எதிர்பாராத விலைக்கழிவு. முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், காசுதான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. பிற்பாதியில் அந்த வித்தியாசம் மங்கிப்போனது. ஆகவே தங்கச்சி, கொஞ்சக் காலம் போனால் உங்கள் 1,800உம் ஆறிவிடும்.

சரி, எத்தனை பக்கம் பொறுப்பது? நான்சி பேர்ள் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொல்கிறார்: 50 பக்கம். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழிக்கலாம். எனக்கு 67. முப்பத்து மூன்று பக்கம் போதுமாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூத்து ஆடும் வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து வளர்ந்த நமக்கு இது சரிவருமா?

விடிய விடிய ஆடும் நம்முடைய வடமோடிக் கூத்தை நினைத்துப் பாருங்கள். ராசா வருவதை அறிவிக்கக் கட்டியகாரன் வருவான். மறுகா ஒவ்வொருவராக வரவு. ராசா வந்து ஆடி முடிக்கவே நேரம் போய்விடும். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் எழும்பிப் போகிறவன் வரவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. நம்முடைய அம்மாமார் என்ன செய்தார்கள்? நடுச்சாமத்தில் பாயில் சாய்ந்து ஒரு தூக்கம். சண்டைக்கட்டு வந்ததும் மத்தளச் சத்தத்திலேயே எழும்பிவிடுவார்கள். எதையோ தவறவிட்டோமென்று ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை. பத்துப் பக்கம் தாவி வாசிப்பதும் அந்தத் தூக்கந்தான், குற்றமில்லை.

கூத்து நீளுகிறது என்பதற்காக நான் எழும்பமாட்டேன். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரே மத்தளத்தில் தலை சாய்த்துத் தூங்குகிறார் என்றால்தான் பாயைச் சுருட்டுவேன். எழுதியவருக்கே தன் ஆட்களில் அக்கறை விட்டுப்போனது வசனத்தில் தெரிந்துவிடும். எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள், மழை வேண்டிய இடத்திலெல்லாம் மழை பெய்யும்.

இதைச் சொல்கிற நானே ஒரு தடித்த நாவலை ஆறு மாதம் தலைமாட்டில் வைத்திருந்தேன். முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அது முடியட்டும் என்று வேறொன்றையும் தொடவில்லை. காசை விட அந்த ஆறு மாதந்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தப் புத்தகம் இந்தப் பைக்குள் இருக்கிறது. விரும்பியவர் கொண்டுபோகலாம். 143ஆம் பக்கத்துக்கு மறுகா அண்ணாவியார் எழும்பினாரா என்று மட்டும் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.