பரண் மேல் இருக்கும் கட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். தாத்தா, மகன், பேரன் என்று ஒரே குடும்பம் நடத்திவரும் வக்கீல் ஆபீஸ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரமே அப்படி ஓர் ஆபீஸில் தயாராகியிருக்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் வந்தது. அப்போது இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர்களுக்கே செல்வாக்கு. உள்ளூரில் படித்த வக்கீல்கள் மெல்லத்தான் மேலே வந்தார்கள். அவர்களில் ஒருவரான வி. பாஷ்யம் ஐயங்கார் அட்வகேட் ஜெனரல், அதாவது மாகாண அரசின் தலைமை வக்கீல், பொறுப்பு வகித்தார். அவருடைய மாப்பிள்ளை எஸ். சீனிவாச ஐயங்காரும் பின்னால் அதே பதவிக்கு வந்தார். மகன் வழியாகத்தான் தொழில் தொடர வேண்டும் என்றில்லை, பாருங்கள்.

ஆனால் ஆபீஸ் தலைமுறை தாண்டி நிற்பதற்குக் காரணம் குமாஸ்தா என்பேன். நான் ஜூனியராக இருந்த இடத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். சீனியருடைய அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வழக்கு நம்பர் தெரியாது, வருஷமும் தெரியாது. "எங்க தாத்தா ஏரி மதகுக்காக கேஸ் போட்டாருங்க" என்பது மட்டும்தான் தெரியும். குமாஸ்தா ஊர்ப் பெயரைக் கேட்டார், வழக்கில் எதிர்த்தரப்பு யார் என்று கேட்டார், பரணில் ஏறினார். தூசி தட்டி, பழைய வழக்குக் காகிதக் கட்டு ஒன்றை இறக்கி, நாடாவை அவிழ்த்து, தீர்ப்பு நகலை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டுக்குள் அந்த விவசாயியின் தாத்தா வக்கீலுக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. அவற்றை மட்டும் குமாஸ்தா தரவில்லை. "கோர்ட்ல போட்டதை எடுத்துட்டுப் போங்க. லெட்டரை ஐயாவைக் கேட்டுத்தான் தருவேன். உங்க தாத்தாவுக்கு வேற வாரிசும் இருப்பாங்களே" என்றார்.

அவர் செய்தது வெறும் பழக்கம் இல்லை, சட்டம். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது, வேலை முடிந்த பிறகும் கூடாது என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு சொன்னது. அடுத்த பிரிவு அதே கடமையைக் குமாஸ்தாவுக்கும் வைத்தது. 2023-ல் வந்த புதிய சட்டத்திலும் அது 132-வது பிரிவாகத் தொடர்கிறது.

நான் பல வருஷமாகச் சொல்லிவருவது இதுதான்: பழைய ஆபீஸை மூடும்போது கட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். எந்த ஏரியில் யாருக்குத் தண்ணீர், எந்தக் கோயிலில் யாருக்கு என்ன உரிமை, விதவைக்கு எவ்வளவு ஜீவனாம்சம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. மறுபடியும் சொல்கிறேன், எடைக்குப் போடாதீர்கள். ரகசியம் கெடுமே என்று கேட்பார்கள். அந்தக் குமாஸ்தா பிரித்தாரே, அப்படிப் பிரிக்கலாம். பிராது, எதிருரை, தீர்ப்பு நகல் ஒரு பக்கம். கடிதமும் வக்கீல் குறிப்பும் இன்னொரு பக்கம். முதல் வகையை ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கலாம். இரண்டாவதை வாரிசுகளைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெண்கள் வக்கீலாகலாம் என்று 1923-ல் சட்டம் வந்த பிறகு, இந்த ஆபீஸ்களில் மகள்கள் எப்படி வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்குள் நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. இன்று பல பழைய ஆபீஸ்களை நடத்துவது மகளோ பேத்தியோதான் என்று மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். வணக்கம்.