உரைக்கு முன்னால் ஐந்து அடிகள்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, உடன் பயிலும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியின், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஈராண்டுப் படிப்பின், இரண்டாம் ஆண்டில் தமிழ் இலக்கியம் படிக்கும் அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். முன்னோட்டத் தேர்வு, அதன் பின்னாலேயே மேல்நிலைத் தேர்வு என்று நாள்காட்டி நெருக்கும்போது, பாட்டைப் படிப்பதற்கு முன்பே அதற்குரிய குறிப்புத் தாளைப் படித்துவிடும் வழக்கம் எங்களில் பலருக்கு வந்துவிடுகிறது. பாட்டின் சூழலைச் சொல்லும் துறையும் பொருளும் நயமும் மனப்பாடமான பிறகு, மேற்கோள் காட்டுவதற்கு மட்டுமே பாட்டு தேவைப்படுகிறது. இந்த வழக்கத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

ஒருநாள் எங்கள் ஆசிரியர் குறிப்பு எதுவும் தராமல், அருஞ்சொற்பொருளோடு ஐந்து அடிகளை மட்டும் கொடுத்தார். 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை' என்று தொடங்கும் அது, கோவர்த்தனார் பாடிய குறுந்தொகை 66ஆம் பாட்டு. கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற தலைவன் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. கலங்கும் தலைவியிடம் தோழி, இது காலமல்லாக் காலத்து மழை, அதைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்ட கொன்றை மரங்கள் அறியாமை உடையவை என்கிறாள்.

சிங்கப்பூரில் வளர்ந்த எங்களுக்கு முதல் தடையே மழைதான். இங்கே ஆண்டு முழுவதும் பெய்கிறது, டிசம்பரில் சற்றுக் கூடுதலாகப் பெய்கிறது. ஆகவே மழைக்காலத்தில் வந்துவிடுகிறேன் என்று இங்கு யாரும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆவணியும் புரட்டாசியுமே கார் என்று வகுத்துக்கொண்ட நிலத்தில் அந்த மழை ஒரு கெடு என்பது விளங்கும்வரை, தலைவி ஏன் இப்படிக் கலங்குகிறாள் என்றே எங்களுக்குப் புரியவில்லை. சரக்கொன்றையை நம் சாலையோரங்களிலும் பார்க்கிறோம். அது நமக்கு எந்த நாளையும் நினைவூட்டுவதில்லை.

அது புரிந்ததும் வகுப்பில் வாதம் தொடங்கியது. தோழி தான் சொல்வதை நம்புகிறாளா, ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறாளா? மரம் பருவத்தைத் தப்பாகக் கணிக்காது, ஆகவே பொய்தான் என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் 'கல்பிறங்கு அத்தம் சென்றோர்' என்ற தொடரைச் சுட்டினார். ஆறுதல் சொல்ல வந்தவள், கல் நிறைந்த கடுவழியை எதற்காக நினைக்க வேண்டும்? அவளுக்கும் அச்சம் இருக்கிறது என்பது அவர் வாதம். நானோ, தலைவனைக் குறைகூற மனமில்லாமல் அவள் பழியை மரத்தின்மேல் போடுகிறாள் என்றேன். மரம் மறுத்துப் பேசப் போவதில்லை. தலைவிக்கும் இது தெரிந்திருக்கும் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் பாட்டில் அவள் வாய் திறப்பதே இல்லை என்பதால் என்னால் அதை நிறுவ முடியாது.

பாட்டுக்கான விளக்கவுரையைப் பிறகுதான் படித்தோம். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பும் அவரது உரையும் இல்லையென்றால், என்னைப் போன்ற மாணவர்கள் குறுந்தொகையில் ஓர் அடிகூட நகர முடியாது. உரையே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு எனக்குத் துணிவில்லை. ஆனால் உரை முதலில் வந்திருந்தால், தோழி தலைவியைத் தேற்றினாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம்.

தேர்வையும் நான் குறைகூற வரவில்லை. எதைச் சொன்னாலும் அடியைக் காட்டு என்று தேர்வு எங்களை வற்புறுத்தியதால்தான், அந்த நண்பரின் கண்ணில் 'அத்தம்' பட்டது. இலக்கியம் படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இங்குள்ள உறவினர்கள் ஏற்கெனவே போதிய விடைகள் வைத்திருக்கிறார்கள். நானும் சேர்க்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் குறிப்புத் தாள்களைக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் பாட்டை மட்டும் கையில் கொடுத்து, ஒரு பாடவேளை அவர்களை வாதாட விட்ட பிறகு கொடுங்கள். தேர்வு நெருங்கும் செப்டம்பரில் அதற்கெல்லாம் நேரம் இராது என்பது எனக்கும் தெரியும். பிப்ரவரியில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.