அயலார் கூடிய பாத்தியே பிள்ளைகளின் தட்டை நிறைக்கும்

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் ஆற்றல் மிக்க பேச்சாளர்களே, வேலை முடிந்த கையோடு மலையிறங்கி வந்து இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகக் குடும்பங்களுக்கு ஆரோக்கியமான உணவைத் தரக்கூடியது அவரவர் வீட்டுத் தோட்டமா, அயலவர் கூடிச் செய்யும் கூட்டுத் தோட்டமா என்பது இன்றைய தலைப்பு. கூட்டுத் தோட்டமே என்று வாதிடும் அணியின் சார்பில் நான் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர், "உடையவன் பாராப் பயிர் உருப்படாது" என்ற பழமொழியைக் கையில் எடுத்துக்கொண்டு, பொதுவில் கிடக்கும் பாத்தியை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றார். பாடுபடுபவர் சிலராகவும் பங்கு கேட்பவர் பலராகவும் இருப்பார்கள் என்றார். நிலமே நம்முடையதல்லாத தேயிலைத் தோட்டங்களில் கூட்டுப் பயிர் நடவாத காரியம் என்றும் சொல்லி முடித்தார். மூன்றும் நம் மக்கள் வாயிலிருந்து அன்றாடம் வரும் கேள்விகள் என்பதால், அவற்றுக்கு உரிய மதிப்புடனேயே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் வீட்டுத் தட்டைப் பார்ப்போம். விடியற்காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மலையில் சாயத் தேநீர், இரவில் சோறும் பருப்பும், சம்பளம் கிடைத்த வாரத்தில் மட்டும் ஏதோ ஒரு மரக்கறி. இப்படி உண்டு வளரும் பிள்ளைகளின் நிலையை 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீடு காட்டியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதையும் எடுத்தால் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 32 சதவீதம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளர்ந்தவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு இது ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் வெலிமடையிலும் விளையும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. அவற்றை விளைவிக்கும் மலைகளுக்கு அடுத்த மலையில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் உயரம் குன்றி வளர்கிறார்கள். இந்த ஒரு நிலையை மாற்றுவதற்காகத்தான் நாம் இங்கே வாதிடுகிறோம் என்பதை இரு அணியினரும் மறக்கலாகாது.

எதிரணியினர் வீட்டுத் தோட்டத்துக்கு 2022ஆம் ஆண்டைச் சான்றாக அழைத்தார்கள். அந்த ஆண்டை நானும் மறக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டதால் விளைச்சல் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து டொலர் தட்டுப்பாடும் வந்து சேர, 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது அரசாங்கம் வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டது. அதற்காகவே அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தருவதென்று அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமைச்சரவை முடிவெடுத்தது. நடுவர் அவர்களே, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமையை யார் கொடுத்தார்கள்? அவள் ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும் அவள், பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு எடுத்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகு எந்த வெளிச்சத்தில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நடுவாள்? வீட்டுத் தோட்டம் என்ற யோசனை, வீட்டில் பகலில் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணிச் செய்யப்பட்ட யோசனை. எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை மட்டுமே தண்ணீர் ஊற்றும் முறை வரும். பென்சன் வாங்கிய தாத்தாவும் கைக்குழந்தையோடு வீட்டில் நிற்கும் தாயும் பகல் நேரத்தில் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்ற பழமொழி முற்றிலும் உண்மை. ஆகையால்தான், மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரே ஓர் உடையவளிடம் பயிரை ஒப்படைக்காமல், பகல் முழுவதும் மாறி மாறிப் பார்க்கக்கூடிய பலரை அதற்கு உடையவர்களாக்க வேண்டும் என்கிறோம்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தனி வீடு கிடைத்தவர்களில் பலருக்கு வழங்கப்பட்டது 7 பேர்ச் காணி. 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். வீடு, கழிவறை, படிக்கட்டு, மண் சரியாமலிருக்கக் கட்டிய கற்கட்டு எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். இன்னமும் லயத்துக் காம்பரா எனும் ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

இனி, என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். அது இந்த மலையின் சரிவு. சமதரையில் ஒருவர் வேலி போட்டுத் தனியே பயிர் செய்துவிடலாம். மழைத் தண்ணீர் அந்த வேலியை மதித்து நிற்கும். நம் ஊரில் தண்ணீர் மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு ஓடுகிறது. மேல் வீட்டுக்காரர் சரிவுக்கு நேர்க்கோட்டில் பாத்தி வெட்டினால், ஜூன் மாதத்து ஒரு மழைக்கு அவருடைய மேல்மண்ணும் கீழ் வீட்டுக்காரரின் நாற்றும் சேர்ந்து ஆற்றில் போய்ச் சேரும். கீழ் வீட்டுக்காரர் எவ்வளவு கவனமாகப் பயிர் செய்தாலும் அதைத் தடுக்க அவரால் முடியாது. மலையைக் குறுக்காகத் தழுவிச் செல்லும் ஒரே மட்டமான கான், அதாவது வாய்க்கால், பத்து வீட்டு எல்லைகளையும் கடந்து ஒரே கோடாகப் போனால்தான் மண் நிற்கும். அந்தக் கோட்டைப் போட அதிகச் செலவுமில்லை. ஆளுயரக் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைப் பொருத்தி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். நூல் குறுக்குக் கம்பின் நடுவில் போட்ட அடையாளத்தைத் தொடும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். ஒருவர் சட்டத்தைப் பிடிக்க, ஒருவர் கல் ஆடாமல் பார்க்க, ஒருவர் பின்னாலே முளை அடித்துக்கொண்டு போக, ஒரு பிற்பகலில் லயத்தின் பின்புற மலை முழுவதற்கும் கோடு விழுந்துவிடும். கான் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் அணையாகப் போட்டு அதன் மேல் வெட்டிவேர் நட்டால், அடுத்த சில பருவங்களில் அந்த அணைக்குப் பின்னால் மண் தானாகவே படிந்து படியாகும். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. தேயிலைக்காகச் செய்த அதே வேலையை நம் பிள்ளைகளின் உணவுக்காகவும் செய்ய வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன். வேலி எங்கே நிற்க வேண்டும் என்று அயலவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கும் வரையில் இந்தக் கோடு விழாது.

மண்ணைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கார அமில அளவு (pH) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அது செழிக்கும். போஞ்சிக்கும் கரட்டுக்கும் கோவாவுக்கும் 6க்கு மேல் வேண்டும். ஆகவே பழைய தேயிலை நிலத்தில் மரக்கறி நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் தூளைத் தூவிக் கிளறிவிட வேண்டும். நான்கு பாத்திக்காக ஒரு மூட்டை டோலமைட் வாங்கிச் சுமந்து வரும் குடும்பம் எங்கே இருக்கிறது? அது தெரியாமல் நட்டு, செடி மஞ்சளித்து நின்றதும், "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று கைவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எருவும் அப்படியே. மாடு வைத்திருக்கும் வீட்டில் சாணம் குவிந்து கிடக்கிறது, பயிரிட இடமில்லை. இடமுள்ள வீட்டில் மாடில்லை. அந்தச் சாணத்தையும், வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவின் தழையையும், எல்லா அடுப்படியின் காய்கறித் தோலையும் ஒரே குழியில் போட்டு மக்க வைத்தால் உரக்கடையை நம்பியிருக்கும் நிலை பெருமளவு குறையும். 2021இல் முன்னேற்பாடு ஒன்றுமில்லாமல் ஒரே நாளில் இயற்கை விவசாயத்துக்குத் தாவச் சொன்னதால் நாடு பட்ட துன்பம் நமக்குத் தெரியும். மண்ணைத் தயார்படுத்தப் பருவங்கள் பிடிக்கும், அதற்குப் பலருடைய கை வேண்டும் என்பதே அதிலிருந்து நான் கற்ற பாடம்.

காட்டுப் பன்றியையும் குரங்கையும் பற்றி எதிரணியினர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரே இரவில் வத்தாளைக் கிழங்குப் பாத்தி முழுவதையும் பன்றி உழுது போட்டுவிட்டால், அந்தக் குடும்பம் மறுபடி நடுமா? பத்துத் துண்டு நிலத்துக்குப் பத்து வேலி அடைப்பதைவிட ஒரு நிலத்துக்கு ஒரு வேலி அடைப்பது மிக எளிது. காவலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம்.

உழைப்பவர் சிலர், உண்பவர் பலர் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இப்போது வருகிறேன். நடுவர் அவர்களே, கணக்கு வைப்பதில் நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கொழுந்தின் நிறை ஒரு கிலோ குறைந்தால் கேட்டுவிடுவோம். அரைநாள் வேலை என்று அரைப்பேர் போட்டால் காரணம் கேட்போம். அதே கண்டிப்போடு, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் கதவருகே ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றினார், யார் களை எடுத்தார் என்று எழுதி, அறுவடை நாளில் எல்லார் முன்னிலையிலும் தராசில் நிறுத்துப் பங்கிட்டால் சண்டைக்கு இடம் குறைவு. நோயாளியும் பிள்ளை பெற்றவளும் வேலைக்கு வர முடியாத நாட்களில் அவர்களுடைய பங்கு குறையக் கூடாது என்பதையும் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி எலினோர் ஒஸ்ட்ரோம், காடு, மேய்ச்சல் நிலம், நீர்ப்பாசனம் போன்ற பொதுச் சொத்துகளை உலகின் பல பகுதிகளில் ஆராய்ந்தவர். யார் யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருந்து, விதிகளைப் பயன்படுத்துபவர்களே வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறியவரை முதலில் சிறிதாகவும் பிறகு கடுமையாகவும் தண்டிக்கும் இடங்களில் பொதுச் சொத்து தலைமுறைகளாக நிலைத்து நிற்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். கடலுக்கு அப்பால் கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், சொந்த நிலமில்லாத பெண்கள் குழுவாகக் கூடிக் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல்லும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள். நம் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில், இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று வேலையை மாற்றிக்கொள்ளும் "அத்தம்" முறை நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. பலர் கூடினால் பயிர் கெடும் என்பதற்கு எதிரணி சான்று காட்ட வேண்டும்.

நஞ்சைப் பற்றிச் சொல்லாமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச இயலாது. விற்பதற்காக விளைவிப்பவர், இலையில் ஓர் ஓட்டை விழுந்தாலும் விலை குறையும் என்று அஞ்சி மருந்தடிக்கிறார். தான் உண்பதற்கு விளைவிப்பவருக்கு அந்த அச்சமில்லை. ஆனால் பக்கத்துப் பாத்திக்காரர் அடித்தால் காற்றில் நம் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் வந்து சேரும். மருந்தில்லாத உணவு வேண்டும் என்ற முடிவு ஒரு வீட்டின் முடிவாக இருந்து பயனில்லை. மலைச்சரிவு முழுவதற்கும் ஒரே முடிவாக இருக்க வேண்டும். தேயிலைக்குக் களைக்கொல்லி அடிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்குமாறு வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்கவும் ஒரு குழு வேண்டும்.

கடைசியாக நிலம். 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கொம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன இந்தத் தோட்டங்களில், நிலம் நம் பெயரில் இல்லை என்று சகோதரர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை எந்த அணிக்குத் துணை நிற்கிறது? ஒரு குடும்பம் லயத்துக்குப் பின்னால் போடும் பாத்தி, தோட்ட நிர்வாகியான துரை கண்டுகொள்ளாமல் இருக்கும் வரையில்தான் இருக்கும். துரை மாறினால், அல்லது அந்தக் குடும்பத்தில் வேலை செய்தவர் ஓய்வு பெற்றால், அந்தப் பாத்திக்காகப் பேச ஆளில்லை. இருபது குடும்பங்கள் கையொப்பமிட்டு, தேயிலை கைவிடப்பட்டு மானாப் புல் மூடிக் கிடக்கும் இந்தத் துண்டு நிலம், இத்தனை பேர்ச், இன்ன பயிர், கான் இந்த வழியாகப் போகும் என்று எழுதி, விவசாயப் போதனாசிரியரின் பரிந்துரையையும் இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்தால், அதற்கு எழுத்தில் பதில் கேட்டு வாங்கலாம். மறுத்தாலும் மறுப்பு எழுத்தில் இருக்கும். தொழிற்சங்கத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கொண்டுபோகக் கையில் ஒரு தாள் இருக்கும். தனி வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தத் தாள் ஒருநாளும் கிடைப்பதில்லை.

மேற்குச் சரிவிலுள்ள நம் தோட்டங்களில் மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அதற்குள் கான் வெட்டி, டோலமைட் போட்டு, நாற்றுமேடை அமைத்தாக வேண்டும் என்பதால், அந்த விண்ணப்பத்தை எழுதுவதற்கு இந்த அவையில் அமர்ந்திருப்பவர்கள் நாளைய தினத்தையே குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கூட்டுத் தோட்டத்தின் பக்கமே தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.