மண்ணுக்குள் போகும் அல்லேலூயா: கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் 40 நாள்

(திரையில்: பள்ளிப் புல்வெளியில் ஒரு சிறு குழி. அதைச் சுற்றிச் சீருடை அணிந்த பிள்ளைகள்.)

இந்தப் பிள்ளைகள் எதைப் புதைக்கிறார்கள் என்று, காணொளியை ஒரு கணம் நிறுத்திவிட்டு ஊகித்துப் பாருங்கள். வளர்த்த முயல்குட்டியும் இல்லை, விதையும் இல்லை. அவர்கள் ஒரு சொல்லைப் புதைக்கிறார்கள். நீளமான தாளில் பெரிய எழுத்தில் ‘அல்லேலூயா’ (‘இறைவனைப் போற்றுங்கள்’ என்று பொருள்படும் வழிபாட்டு வாழ்த்து) என்று எழுதி, ஓரங்களில் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்து, அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஆளுக்கு ஒரு பிடி மண் போடுகிறார்கள். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறப்பதற்குச் சற்று முன்பு இது நடக்கிறது. தரை பனியில் உறைந்து கிடக்கும் ஊர்களில் மண்வெட்டி இறங்காது என்பதால், பெட்டியை வகுப்பறை அலமாரியிலோ கோவிலின் ஒரு மூலையிலோ ஒளித்து வைத்துவிடுகிறார்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும், அதில் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். செபம், நோன்பு, தர்மம் என்ற மூன்றும் அந்த நாள்களின் கடமைகள்.

இந்தக் காணொளியைச் செய்ய என்னைத் தூண்டியது திருச்சபைச் சட்டத்தில் உள்ள ஒரு சிறு விதி. இறைச்சியைத் தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே உரியது. அமெரிக்கக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியோ பெரும்பாலும் மழலையர் வகுப்பில் தொடங்கி 8ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆகவே, நோன்புச் சட்டம் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தால் ஆசிரியர்களையும் கடைசி வகுப்பில் ஒரு சிலரையும் தவிர வேறு எவரையும் பிடிக்க முடியாமல் திரும்பிவிடும். சட்டம் தொடாத அந்தப் பிள்ளைகளுக்கு 40 நாளை எப்படிப் புரியவைப்பது? கையில் எடுத்துச் செய்யக்கூடிய பொருளாக அதை மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் அந்தப் பள்ளிகள் கண்ட வழி. புதைக்கப்படும் சொல் அதில் முதலாவது.

உரோமை வழிபாட்டு முறையில் தவக்காலம் முழுவதும் ‘அல்லேலூயா’ பாடப்படுவதில்லை. நம் ஊர்க் கோவில்களிலும் அந்த நாள்களில் நற்செய்திக்கு முன் வேறொரு வாழ்த்தொலியே ஒலிக்கும். பெரியவர்கள் பலருக்கு இந்த மாற்றம் காதில் விழுவதே இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தன் கையால் மண் போட்டு மூடிய சொல்லை எளிதில் மறக்காது. இடையில் யாராவது தவறிப் பாடிவிட்டால் முதலில் திரும்பிப் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். இதை யாரோ ஓர் ஆசிரியை அண்மையில் கண்டுபிடித்த கைவேலை என்று நான் நினைத்திருந்தேன். 15ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் தூல் நகரத்துப் பேராலயத்தில், பாடகர் குழுச் சிறுவர்கள் சிலுவை, தீவட்டி, தீர்த்தம், தூபம் எல்லாம் ஏந்தி, ஒரு மண்கட்டியைச் சவம்போலச் சுமந்து, அழுதுகொண்டே போய் அல்லேலூயாவை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒப்பாரி! சிறுவர்கள் அதை எவ்வளவு ரசித்துச் செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சாம்பல். முந்தைய ஆண்டின் குருத்து ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) வாங்கி வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருந்த, காய்ந்து போன ஓலைகளைப் பிள்ளைகள் கொண்டுவர, அவற்றை எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் சிலுவை வரைகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கரின் மூத்த தலைமுறை இந்த நாளை ‘விபூதிப் புதன்’ என்றே சொல்லும். இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை, அன்றைக்கு வாசிக்கப்படும் நற்செய்தியில் இருக்கிறது. மத்தேயு 6ஆம் அதிகாரம், “நோன்பு இருக்கும்போது உன் முகத்தைக் கழுவு” என்கிறது. அதைக் கேட்டு முடித்த கையோடு, எழுந்துபோய் வரிசையில் நின்று எல்லோரும் நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். இதை எழுந்து கேட்கும் ஒரு மாணவனாவது வகுப்புக்கு வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

(திரையில்: தட்டையாக மடிக்கப்பட்ட ஓர் அட்டை. இரண்டு சிறு கைகள் அதைப் பெட்டியாக்குகின்றன.)

இனி வருவதுதான் என் மனத்துக்கு நெருக்கமான பகுதி. இந்த அட்டைப் பெட்டியின் பெயர் ‘ரைஸ் பவுல்’, அதாவது சோற்றுக் கிண்ணம். 1975இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி), ஆப்பிரிக்காவின் பஞ்சத்துக்கு உதவுவதற்காக இது தொடங்கியது. குடும்பம் ஒரு வேளை எளிமையாகச் சாப்பிட்டு, அதில் மிஞ்சும் பணத்தைப் பெட்டியில் போட வேண்டும் என்பதுதான் திட்டம். 1977 முதல், அமெரிக்க ஆயர்கள் 1943இல் நிறுவிய கத்தோலிக்க நிவாரணப் பணியகத்தின் திட்டமாக இது நாடு முழுவதும் பரவியது. சேரும் தொகையில் 75 விழுக்காடு வெளிநாட்டுப் பணிகளுக்குப் போகிறது. 25 விழுக்காடு அந்தந்த மறைமாவட்டத்திலேயே பசியையும் வறுமையையும் போக்கும் பணிகளுக்குத் தங்குகிறது.

பெட்டி பிள்ளையின் கைக்குத் தட்டையாகத்தான் வருகிறது. கோடு போட்ட இடங்களில் மடித்து, அட்டையின் நாக்கைப் பிளவில் செருகி, அதைப் பெட்டியாக்குவதே ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை வேலை. பிறகு அது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பெட்டியோடு வரும் நாள்காட்டியும், இறைச்சி இல்லாத பிறநாட்டுச் சமையல் குறிப்புகளும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும். நம் வீடுகளில் உலையில் இடுவதற்கு முன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கும் பிடியரிசியை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே அரிசி காசாகிவிட்டது, பானை அட்டையாகிவிட்டது.

இப்போது ஒரு கணக்கு; பொறுமையாகக் கேளுங்கள். அமெரிக்காவில் ‘குவார்ட்டர்’ என்பது 25 சென்ட் நாணயம். வங்கியில் அந்த நாணயங்களைச் சுருட்டிக் கட்டும் காகிதக் குழலில் சரியாக 40 நாணயங்கள், அதாவது 10 டாலர் பிடிக்கும். ஒரு பிள்ளை நாளுக்கு ஒரு குவார்ட்டர் வீதம் தவக்காலம் முழுவதும் போட்டால், முடிவில் ஒரு குழல் இம்மியும் பிசகாமல் நிறையும்! வங்கிக்காரர்கள் தவக்காலத்தை மனத்தில் வைத்துச் செய்த அளவில்லை, தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தற்செயலைக் கணக்கு ஆசிரியர்கள் விடக்கூடாது. குழலைப் பிரித்து 30 நாணயத்தை ஒரு பக்கமும் 10 நாணயத்தை மறுபக்கமும் அடுக்கினால், தூரத்து ஊருக்கு எவ்வளவு, சொந்த ஊருக்கு எவ்வளவு என்பதோடு விழுக்காடும் விளங்கிவிடும்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று சில இடங்களில் சுவரில் அட்டவணை மாட்டி, வென்ற வகுப்புக்குப் பீட்சா விருந்து வைக்கிறார்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பதும் அதே மத்தேயு 6ஆம் அதிகாரம்தான்.

தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்ப்பதால் நடக்கும் மீன் விருந்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு ஊருக்கே பொரித்த மீன் விற்பார்கள். மூத்த மாணவர்கள் தட்டு ஏந்திப் பரிமாறுவார்கள். கத்தோலிக்கர் இறைச்சியைத் தவிர்த்த வெள்ளிக்கிழமைகளில் விற்பனை படுத்துவிட்டதால்தான், 1962இல் சின்சினாட்டி நகரத்து மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர் லூ குரோன் மீன் பர்கரை உருவாக்கினார். உலகம் முழுவதும் விற்கும் ‘ஃபிலே ஓ ஃபிஷ்’ அதுதான்.

பெரிய வியாழனை (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) ஒட்டி வகுப்பறையில் பாதம் கழுவுதலும், இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளை மாணவர்களே நடித்துக் காட்டுவதும் உண்டு. அதன் பிறகு ஒரு விசித்திரம்: 40 நாள் காத்திருந்த உயிர்ப்பு ஞாயிறு வரும்போது பள்ளி பூட்டிக் கிடக்கிறது. அதனால் பள்ளியின் உயிர்ப்பு விழா விடுமுறை முடிந்த பிறகே நடக்கிறது. உயிர்ப்புக் காலம் 50 நாள் நீள்வதால் அதில் பிழையும் இல்லை. 40 நாளுக்கு நாள்காட்டி கொடுப்பவர்கள் அதைவிட நீண்ட 50 நாளுக்கும் ஒன்று கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. கான்வென்ட் பள்ளிகளில் படித்தவர்கள், உங்கள் பள்ளியில் தவக்காலத்தில் என்ன செய்தீர்கள், உயிர்ப்புக்குப் பிறகு அதில் எது தொடர்ந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

(திரையில்: அதே புல்வெளி, இப்போது பச்சையாக. குழி தோண்டப்படுகிறது.)

விடுமுறை முடிந்து வந்ததும் புதைத்த பெட்டியைத் தோண்டி எடுத்து, தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, பாடியபடியே கோவிலுக்குள் ஊர்வலமாக நுழைகிறார்கள். இதைத் தம் பள்ளியில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மண்ணின் ஈரத்தில் மை கரைந்து, ஏழெட்டு வாரம் கழித்து வெளியே வருவது நீல நிறச் சேறாக இருக்கும். மெழுகு வண்ணக்குச்சியால் எழுதச் சொல்லுங்கள். நனைந்தாலும் எழுத்து அழியாது.