மருந்துப் போத்தலுக்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்குஞ்சுத் தொட்டியில் காலையில் நாலைந்து செத்து மிதந்தால், "ஐயா, என்ன மருந்து போடலாம்?" என்றுதான் தொலைபேசி வரும். நான் திருப்பிக் கேட்பேன்: நேற்றுப் பின்னேரம் என்ன செய்தீர்கள்? வலை போட்டு இழுத்தீர்களா? தீன் மிஞ்சியதா? வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டீர்களா? சிலருக்கு இது பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். பரவாயில்லை.

ஏரோமோனாஸ் என்ற பக்டீரியா குளத்துத் தண்ணீரிலேயே வாழ்வது. இரணைமடுக் குளம், முத்தையன்கட்டுக் குளம் என்று பார்க்காது; நல்ல மீனின் குடலிலும் இருக்கும். மீன் தெம்பாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். குஞ்சுகள் நெரிந்து, மிஞ்சிய தீன் அடியில் அழுகி, அமோனியா ஏறினால் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சிவப்புத் திட்டு வரும், வயிறு வீங்கிச் செதில் நிமிரும், கண் பிதுங்கும். அதை நாவூறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டியவர்களையும் கண்டிருக்கிறேன்.

மற்றது கொலம்னாரிஸ், இதுவும் பக்டீரியா நோய்தான். முதுகில் சேணம் வைத்ததுபோல வெளிறிய திட்டு வரும். செவுள், அதுதான் நாங்கள் பூ என்கிறோமே, அது அழுகும். வாயோரம் பஞ்சு மாதிரித் தெரிவதால் பூஞ்சணம் என்று ஏமாந்துபோவோம். நானும் ஒருமுறை பூஞ்சண மருந்தை ஊற்றினேன். இரண்டே நாளில் தொட்டி காலி. சோளகக் காலத்தில் குளம் வற்றித் தண்ணீர் சூடேறும்போது இது வெகு வேகமாகப் பரவும்.

திலாப்பியா சுழன்று சுழன்று நீந்தினால் ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற இன்னொரு பக்டீரியாவாக இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல், உயிரோடிருக்கும் நோய்மீனைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். செத்து ஊறியதில் வேறு பக்டீரியாக்கள் ஏறிவிடும்.

சரி, அதுவரை? தீனை நிறுத்துங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குஞ்சுகளைப் பிரித்து விடுங்கள். புதிதாக வந்த தாய்மீனை லீற்றருக்கு 10 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் விடலாம். சாய்ந்தால் உடனே தூக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு கிழமை தனித் தொட்டி. வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையைக் கரைத்து ஊற்றாதீர்கள். அரைகுறை அளவில் தப்பிய பக்டீரியாவுக்கு அடுத்தமுறை அந்த மருந்து ஏறாது. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்கும் போகும்.

ஒருநாள் விடியப்புறம் நாலு மணிக்கு டோர்ச்சோடு தொட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஒட்சிசன் ஆகக் குறையும் நேரம் அது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், காற்று மோட்டர் போதவில்லை. காலை எட்டு மணிக்குப் போனால் எல்லாம் சுகமாகத்தான் தெரியும்.