ஃபுட்பாக்கில் சொந்தப் பாணி

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு துணிப்பந்து. குறுக்களவு 5 சென்ரிமீற்றர் வரும். உள்ளே மணலோ பிளாஸ்டிக் மணிகளோ உலோக மணிகளோ இருக்கும். கை படாமல், நிலத்தில் விழவிடாமல் அதைக் காலால் ஆடுவதுதான் ஃபுட்பாக். 1972 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மைக் மார்ஷல் இதை ஆடிக் காட்டினார். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஜோன் ஸ்டால்பெர்கர் காலுக்கு நல்ல பயிற்சியென்று பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து இதற்கு வைத்த ஹக்கி சாக் என்ற பெயரே பிறகு வணிகப் பெயராயிற்று. 1980 தொடக்கம் உலகப் போட்டிகளும் நடக்கின்றன. வலைக்கு மேலால் அடித்து விளையாடும் வகை ஒன்று உண்டு. இன்று பேசப்போவது மற்ற வகை, தனியாக நின்று வித்தை வித்தையாக ஆடும் ஃப்ரீஸ்டைல்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதற்கென்று ஒரு மைதானம் தேடத் தேவையில்லை. இரண்டு பாய் விரிக்கிற இடம் போதும். கேள்வி வேறு. இரண்டு பேர் ஒரே வித்தையை, ஒரே வேகத்தில், பந்தை விழவிடாமல் செய்கிறார்கள். ஒருவரைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மற்றவரை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவோம். வேறுபாடு எங்கே இருக்கிறது?

கனபேர் அதை வித்தையின் பெயரிலும் கடினத்திலும் தேடுகிறார்கள். பந்து காலில் வந்து தங்கி, அடுத்ததற்காக எழும்பும் அந்த அரைச் செக்கனைப் பாருங்கள் என்பது என் பதில். வித்தைகள் எல்லோருக்கும் பொது. அந்த அரைச் செக்கன்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கூத்தில் ஒரே தாளக்கட்டுக்கு ஆடும் இரண்டு பேரை மிதியில் அல்ல, மிதி முடிந்து திரும்புகிற விதத்தில் அடையாளம் காண்கிறோமே, அதுபோலத்தான்.

முதலில் பந்தைக் காலில் தங்கவைப்பது. ஆட்டக்காரர் இதை ஸ்டோல் என்பார்கள். மிக எளியது விரல்நுனி ஸ்டோல், அதாவது கால்விரல்களின் மேல் தங்கவைப்பது. விழும் பந்தைப் பாதம் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே சந்திக்கவேண்டும். விரல்களைச் சப்பாத்துக்குள் மேல்நோக்கி மடக்கி, பந்தோடு சேர்ந்து பாதத்தையும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே இறக்கவேண்டும். பந்து துள்ளிப் போகிறதென்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தொடும்போது பாதம் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இது வானொலி என்பதால் காதால் பிடிக்கக்கூடிய ஒரு அடையாளம் சொல்கிறேன். பந்து 'டப்' என்று சத்தம் போட்டால் நீங்கள் அதை அடித்திருக்கிறீர்கள். மணல் நகரும் மெல்லிய சத்தம் மட்டும் வந்தால்தான் அது பிடி.

அடுத்தது கிளிப்பர். ஃப்ரீஸ்டைலின் பாதி இதில்தான் நிற்கிறது. ஊன்றிய காலுக்குப் பின்னால் மற்றக் காலைக் கொண்டுபோய், அந்தப் பாதத்தின் உட்பக்கத்தில், கணுக்கால் எலும்புக்குக் கீழே பந்தைத் தங்கவைப்பது. பந்து குதிப்பக்கம் உருண்டு விழுகிறதா? பாதம் தட்டையாகத் திரும்பவில்லை. பாதம் ஏன் திரும்பவில்லை? இடுப்பு திரும்பவில்லை. இடுப்பு திரும்பாததற்குக் காரணம் ஊன்றிய முழங்கால் விறைத்து நிற்பது. ஆகவே பாதத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள், ஊன்றிய முழங்காலை மடியுங்கள். மிச்சம் தானாக வரும். சாய்ந்து விழுகிறவர்களும் உண்டு. அவர்கள் முதுகை வளைத்துப் பந்தைத் தேடிப் போகிறார்கள். முதுகை நிமிர்த்திக் கண்ணை மட்டும் இறக்கினால் போதும்.

இனி எழுப்பல், அதாவது செட். பாணியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இதுதான். நேரம் வேண்டுமென்று புதியவர்கள் பந்தை உயர உயர எழுப்புகிறார்கள். கணக்கைப் பாருங்கள். காலிலிருந்து 50 சென்ரிமீற்றர் மேலே போய் அதே உயரத்துக்குத் திரும்பிவரப் பந்துக்கு 0.64 செக்கன் பிடிக்கும். உயரத்தை இரட்டித்து ஒரு மீற்றர் ஆக்கினால் கிடைப்பது 0.9 செக்கன். இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நேரம்கூட இல்லை! ஆனால் பந்து திரும்பிவரும் வேகம் செக்கனுக்கு 3.1 மீற்றரிலிருந்து 4.4 மீற்றராகக் கூடிவிடுகிறது. பிடிப்பது கடினமாகிறது, பக்கவாட்டில் விலகுவதும் கூடுகிறது. நேரம் வேண்டுமென்றால் காலைச் சீக்கிரம் தொடங்குங்கள். பந்து உச்சிக்குப் போனபிறகு காலைத் தூக்குகிறவருக்கு எந்த உயரமும் காணாது.

செட் உடம்புக்கு நேரே எழவேண்டும். ஒரு அடி முன்னால் போனால் அடுத்த பிடிக்கு எட்டிப் பாயவேண்டிவரும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது தடுமாற்றமாகத்தான் தெரியும். ஒரு சோதனை: நிலத்தில் சோக்கால் 60 சென்ரிமீற்றர் வட்டம் கீறி, ஊன்றிய கால் அதற்குள்ளேயே இருக்க இருபது விரல்நுனி ஸ்டோல், பத்து வலம், பத்து இடம். வட்டத்தை விட்டு வெளியே வந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. சலிப்பான வேலைதான். பாணி என்று பெரிதாகப் பேசுகிற பலர் இதைத் தாண்டியதில்லை.

பந்து மேலே இருக்கும்போது காலை அதைச் சுற்றி எடுப்பதை டெக்ஸ் என்பார்கள். அரவுண்ட் த வேர்ல்ட் இதில் முதற்படி: விரல்நுனியிலிருந்து எழுப்பி, அதே காலால் பந்தை ஒருமுறை சுற்றி, திரும்ப அதே விரல்நுனியில் பிடிப்பது. எதிர்த்திசையில் சுற்றினால் ஓர்பிட். பட்டர்பிளையில் பந்தைச் சுற்றுகிற காலே அடுத்த கணம் மறுகாலுக்குப் பின்னால் போய்க் கிளிப்பரில் பிடிக்கும். கடினத்தை 'அட்' என்ற அலகால் எண்ணுகிறார்கள். ஸ்டோலுக்கு ஒன்று, டெக்ஸுக்கு ஒன்று, மறுகாலுக்குப் பின்னால் பிடித்தால் ஒன்று, உடம்பைச் சுழற்றினாலோ குனிந்து கழுத்தைச் சுற்றிப் பந்தை விட்டாலோ பாய்ந்து எழுந்தாலோ ஒன்று, உள்ளங்கால் பிடரி போன்ற வழக்கமில்லாத இடத்தில் பிடித்தால் ஒன்று. அந்தக் கணக்கில் அரவுண்ட் த வேர்ல்ட் 2, பட்டர்பிளை 3. மூன்றுக்குக் குறைந்த வித்தையே இல்லாமல் தொடர்ந்து ஆடுவதைக் கில்ட்லெஸ் என்பார்கள்.

இங்கேதான் ஒரு பொறி. அட் எண்ணிக்கை ஒரு நல்ல அளவுகோல், ஆனால் அது காலின் வடிவத்தை எண்ணுவதில்லை. அரைகுறையாகச் சுற்றிய கால், சுற்றும்போது பந்தில் உரசிய கால், இரண்டும் துப்புரவான டெக்ஸும் தாளில் ஒரே இலக்கந்தான். சுற்று முழுதாகத் தெரியவேண்டுமென்றால் முழங்கால் உயரவேண்டும். பாதத்தை மட்டும் வீசினால் வட்டம் ஒடுங்கிக் கோடாகிவிடும். நாலு அட் வித்தையை இழுத்துப் பறித்து முடிக்கிறவரைவிட இரண்டு அட் வித்தையை முழு வட்டத்தோடு செய்கிறவரைத்தான் நான் பார்ப்பேன். போட்டிக்காரர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். 30 செக்கனுக்குள் எவ்வளவு கடினம், எத்தனை வெவ்வேறு வித்தை என்று எண்ணுகிற ஷ்ரெட் 30 போட்டியில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இசைக்கு ஆடுகிற ரூட்டீனில் நியாயம் என் பக்கம்.

சரி, துப்புரவு வந்துவிட்டது. சொந்தம் எங்கிருந்து வரும்? உடம்பிலிருந்து. காலும் உயரமும் நீண்டவருக்கு அகலமான வட்டங்களும் ஆறுதலான செட்டும் பொருந்தும். கட்டையானவர் பந்தைத் தாழ வைத்து, கால் மாற்றி மாற்றி விரைவாக ஆடினால் எடுபடும். மற்றவருக்குப் பொருந்தியதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும்போதுதான் ஆட்டம் இரவல் வாங்கியதாகத் தெரிகிறது. செக் நாட்டு வாஷெக் க்ளோடா பலமுறை உலகப் பட்டம் வென்றவர். அவருடைய ஒளிப்பதிவுகளைப் பார்த்து அவருடைய வித்தைகளை எடுங்கள், தாளத்தை எடுக்காதீர்கள். உங்கள் தாளத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: நாலு வித்தையை ஒரு தொடராக வைத்து, ஒருமுறை ஒவ்வொரு ஸ்டோலிலும் முழுதாக நிறுத்தி ஆடுங்கள், ஒருமுறை நிறுத்தாமல் ஆடுங்கள், மூன்றாம் முறை ஒரேயொரு இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் உடம்பு தானாக நிமிர்கிறதோ அந்த இடம் உங்களுடையது.

இன்னொன்று, இளைப்பாறும் வித்தை. எல்லோருக்கும் ஒன்று இருக்கும். கடினமான ஒன்று முடிந்ததும் கால் தானாகப் போய் விழுகிற வித்தை, பெரும்பாலும் பட்டர்பிளை. ஒரு நிமிட ஆட்டத்தில் அதே முகம் ஏழெட்டுத் தரம் வந்தால் மற்றவை எல்லாம் மங்கிவிடும். மருந்து கசப்பு: ஒரு கிழமைக்கு அந்த வித்தையைத் தள்ளிவையுங்கள். முதல் இரண்டு நாளும் ஆட்டம் சிதறும். பிறகு அந்த இடத்தை நிரப்பக் கால் தேடிக் கண்டுபிடிக்கும் இணைப்புகள் மற்றவரிடம் இருக்காது. இடக்காலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வலக்காலில் மட்டும் ஆடுகிறவரிடம் பாதிச் சொற்கள்தான் இருக்கின்றன.

கைகள் விளையாட்டில் இல்லை, ஆனால் பார்வையில் இருக்கின்றன. தோள்கள் காதுவரை ஏறி, விரல்கள் விறைத்து நின்றால் காலில் உள்ள அழகும் போய்விடும். போனைப் பிடிக்க ஆள் வேண்டாம். மூன்று மீற்றர் தள்ளி, ஒரு கதிரையில் இடுப்பு உயரத்தில் சாத்திவைத்துப் பதிவெடுங்கள். முதற்தரம் காலை மறைத்துக்கொண்டு இடுப்புக்கு மேலே மட்டும் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

பந்தும் சப்பாத்தும் சுருக்கமாக. ஃப்ரீஸ்டைல் பந்துகள் பெரும்பாலும் 32 துண்டுகள் வைத்துத் தைத்தவை, 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும். வீட்டில் தைப்பவர்கள் 12 ஐங்கோணத்தோடு நிறுத்தலாம்: பக்கம் 2 சென்ரிமீற்றர், தையலுக்குச் சுற்றிவர அரைச் சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் அதே அளவு பந்து வரும். அரித்துக் காயவைத்த மணல் 50, 60 கிராம் போதும். நிறைய அடைத்தால் பந்து உருண்டையாகி ஸ்டோலில் நில்லாமல் துள்ளும், அரைவாசிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அரிசி, பயறு வேண்டாம். மாரியில் ஈரம் பிடிக்கும், பிறகு வண்டு வரும். சப்பாத்துக்குப் பள்ளிக்கூடக் கன்வாஸே தொடக்கத்துக்கு நல்லது. விரற்பக்க நாடாவை இரண்டு துளைக்குத் தளர்த்திவிட்டால் முன்பக்கம் அகன்று பந்துக்கு இடம் கிடைக்கும். மேல்நாடா இறுக்கமாக இருக்கட்டும். செருப்போடு கிளிப்பர் வராது.

கிரவல் நிலத்தில் ஊன்றிய கால் வழுக்கும், பந்தின் துணியும் தேயும். பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரை கிடைத்தால் அதுதான் சிறப்பு, ஆடுமுன் மணலைக் கூட்டிவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பின்னேரம் வெளியே ஆடுகிறவர்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். உடம்பே மறைப்பாகும், செட்டையும் தொடை உயரத்துக்கு மேல் விடாதீர்கள். காற்று நின்ற பிறகும் அந்தத் தாழ்ந்த செட் சிலருக்கு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் மாற்றவேண்டாம்.

நன்றி, வணக்கம்.