சட்டியும் அகப்பையும் தேடுபொறியும்

தலைமை தாங்கும் வாசிகசாலைத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கமக்காரர் அமைப்புத் தலைவர் ஐயா அவர்களே, விளக்கேற்றி வைத்த அதிபர் அம்மா அவர்களே, மாங்குளத்திலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பஸ் ஏறி வந்த உறவுகளே, வணக்கம்.

இணையத்தில் தேடும் கருவிகள் எப்படி அமைய வேண்டும் என்று மூன்று விடயம் பேச வந்தேன்: மனிதர் தேடும் விதம், பார்த்த பக்கத்துக்குத் திரும்பும் வழி, எங்கள் எழுத்து. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்சியா பேட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் சொன்னார்: தேடுவது பழம் பொறுக்குவது போல. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. போகப் போகக் கேள்வியே மாறும். பாலைப்பழத்துக்குக் காடேறிய எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொறுக்கியதைப் போட்டு வைக்க ஒரு பெட்டியும் கருவியில் வேண்டும்.

இரண்டாவது, 1997இல் வெளியான கல்கரிப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், மக்கள் திறந்த பக்கங்களில் 58 வீதம் முன்பே பார்த்தவை. ஆகவே பார்த்த பக்கத்துக்குத் திரும்பும் வழியும் கருவியில் சுலபமாக இருக்க வேண்டும். மூன்றாவது, எங்கள் எழுத்து. அதற்கு என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன்.

போன காலபோகத்தில் அவர் வயலில் கபிலநிறத் தத்தி என்ற பூச்சி விழுந்தது. வட்டம் வட்டமாகப் பயிர் கருகியது. வரம்பில் குந்தியிருந்து, சேறு காய்ந்த பெருவிரலால் போனில் ‘நெல்லில் தத்தி’ என்று எழுதினார். வந்த பக்கமெல்லாம் ‘புகையான்’ என்றது. தமிழ்நாட்டில் தத்திக்கு அதுதான் பெயர் என்று அவருக்கு யார் சொல்வது? தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை மடியில் கட்டினார். இரண்டு நாள் கழித்து, ஓர் அலுவலகத்தின் தளத்தில் பக்கம் பக்கமாகப் போய் ஒரு துண்டுப்பிரசுரத்தை நான் கண்டெடுத்தேன். எல்லாம் அதில் இருந்தது. “இதைத்தானே தம்பி ரெண்டு நாளாத் தேடினனான்!” என்றார். அதற்குள் அரை ஏக்கர் போய்விட்டது.

ஏன் அகப்படவில்லை? அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது; அதில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டிருக்கும். எங்கள் கண்ணுக்கு ‘நெல்’. கணினிக்குள்ளே என், ஈ, வை, அரைப்புள்ளி. தேடுபொறி எதைக் காணும்? எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. இன்னமும் பாமினியில் அடித்தும், கடிதத்தைப் படமெடுத்தும் ஏற்றுகிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பிரதேச செயலாளர் ஐயா, பயிர்ச்செய்கைக் கூட்டத் தீர்மானம், குளத்து நீர் திறக்கும் நாள், பூச்சி எச்சரிக்கை, இம்மூன்றும் அடுத்த போகம் முதல் யூனிக்கோடில் வரட்டும். ‘புகையான்’ போன்ற மறுபெயரையும் பக்கத்தில் போடட்டும். பழையவற்றை மாற்றித்தர இந்த வாசிகசாலைப் பிள்ளைகள் நான்கு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். நீங்கள் கோப்புகளைத் தந்தால் வருகிற சனிக்கிழமையே தொடங்குவார்கள்.